எஸ்யூவி காரில் என்ஜின் பழுது: மாற்று என்ஜின் கிடைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? சட்டம் சொல்வது என்ன?

பெங்களூரு: ஏழு பேர் அமரக்கூடிய ஃபோர்டு எண்டெவர் எஸ்யூவி கார் ஒன்று தொடர்பான வழக்கில், அதன் உரிமையாளருக்கு ரூ.42 லட்சம் இழப்பீடு வழங்குமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயில் கசிவு உள்ளிட்ட குறைபாடுகளுடன் தொடங்கிய வழக்கு அது. என்ஜினை இலவசமாக மாற்றித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.2,000 செலுத்த வேண்டும் என்று பஞ்சாப் மாநில நுகர்வோர் ஆணையம் முதலில் உத்தரவிட்டிருந்தது. தேசிய நுகர்வோர் ஆணையமும் அதனை உறுதி செய்தது. நிறுவனம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. வழக்கு நிலுவையில் இருந்தபோதே என்ஜின் மாற்றப்பட்டது. ஆனால், அதன் பிறகும் கார் சாலையில் ஓட்டத்தக்க நிலையில் இல்லை என்பதே உரிமையாளரின் முறையீடாக இருந்தது.

என்ஜின் பழுதாகும் எஸ்யூவி கார்களின் உரிமையாளர்கள் பெரும்பாலும் எதிர்கொள்வது இந்த நிலையைத்தான். கார் நின்றுபோவது ஒரு நாள் நிகழ்வு. பழுதுபார்ப்போ மாதக்கணக்கில் நீள்கிறது. ஒவ்வொரு முறையும் 'சரி செய்யப்பட்டது' என்ற குறிப்புடன் கார் திரும்பி வருகிறது, மீண்டும் பணிமனைக்குச் செல்கிறது. மாதத் தவணை மட்டும் தவறாமல் வங்கிக் கணக்கிலிருந்து கழிகிறது. இத்தகைய சூழலில் உரிமையாளருக்கு என்னென்ன வழிகள் உள்ளன என்பதை அறிவதற்கு முன், என்ஜின் ஏன் பழுதாகிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். ஏனெனில், 'தயாரிப்புக் குறைபாடா, ஓட்டுநரின் பயன்பாடா' என்ற ஒரே கேள்வியில்தான் பெரும்பாலான வழக்குகள் வெல்கின்றன அல்லது தோற்கின்றன.

என்ஜினுக்குள் என்ன நடக்கிறது?

பிஸ்டனின் மேலும் கீழுமான அசைவைக் கனெக்டிங் ராடு என்னும் தண்டு, கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியாக மாற்றுகிறது. இவ்விரண்டும் இணையும் இடத்தில் பேரிங் உள்ளது. அங்கு உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பது மிக மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயில் செல்லும் நுண்ணிய பாதையில் உலோகத் துகள் அடைத்துக்கொண்டாலோ, ஆயில் நீர்த்துப் போனாலோ அந்தப் படலம் அறுந்துவிடும். முதலில் தட்டுவது போன்ற ஓசை கேட்கும். பின்னர் பேரிங் தேய்ந்து, என்ஜின் இறுகி நின்றுவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'என்ஜின் சீஸ் ஆகிவிட்டது' என்கின்றனர்.

இதற்கு உலக அளவில் மிகவும் பேசப்பட்ட எடுத்துக்காட்டு, ஹூண்டாய், கியா நிறுவனங்களின் 'தீட்டா 2' வகை பெட்ரோல் என்ஜின்கள். கிராங்க் ஷாஃப்டைக் கடையும்போது எஞ்சிய உலோகத் துகள்கள் ஆயில் பாதையை அடைத்ததே காரணம் எனக் கூறி, 2015-இல் அமெரிக்காவில் சுமார் 4.7 லட்சம் சொனாட்டா கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017-இல் சான்டா ஃபே ஸ்போர்ட், சொரென்டோ, ஸ்போர்ட்டேஜ் ஆகிய எஸ்யூவிகள் உட்பட மேலும் ஏறத்தாழ 12 லட்சம் வாகனங்கள் அப்பட்டியலில் சேர்ந்தன. திரும்ப அழைப்பதில் காட்டிய தாமதம் உள்ளிட்ட காரணங்களுக்காக, 2020 நவம்பரில் இரு நிறுவனங்களும் மொத்தம் 21 கோடி டாலர் அபராத உடன்பாட்டுக்கு இணங்கின. குறைபாட்டின் வீச்சு குறித்த தகவல்களை அமெரிக்க அதிகாரிகளுக்கு அளித்தவர், ஹூண்டாயில் பணியாற்றிய பொறியாளர் கிம் குவாங்-ஹோ. அவருக்கு 2021-இல் 2.4 கோடி டாலருக்கும் அதிகமான வெகுமதி வழங்கப்பட்டது. காரின் உரிமையாளர் பணிமனை வாசலில் காத்திருக்கும் வேளையில், அந்தக் குறைபாடு நிறுவனத்தின் கோப்புகளில் ஏற்கெனவே பதிவாகியிருக்கக்கூடும் என்பதை இந்த விவகாரம் காட்டியது.

2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் இதே போன்ற நிலைக்கு வந்தது. டாஹோ, சபர்பன், யூகான், எஸ்கலேட் போன்ற பெரிய எஸ்யூவிகளில் பொருத்தப்பட்ட 6.2 லிட்டர் வி8 என்ஜினில் கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாஃப்ட் குறைபாடுகள் இருக்கலாம் என்று கூறி, உலக அளவில் சுமார் 7.21 லட்சம் வாகனங்களை அது திரும்ப அழைத்தது. ஆய்வில் தோல்வியுறும் வாகனங்களுக்குப் புதிய என்ஜின். தேறும் வாகனங்களுக்கு முன்பைவிட அடர்த்தியான ஆயில். பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள காருக்கு 'வேறு ஆயில் ஊற்றிக்கொள்ளுங்கள்' என்பது பொறியியல் நோக்கில் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் குடும்பத்துடன் நெடுஞ்சாலையில் செல்பவருக்கு அது முழு நிம்மதியைத் தருமா என்பது வேறு கேள்வி.

இந்தியாவில் நடந்தவை

இந்தியாவில் என்ஜின் தொடர்பான திரும்ப அழைப்புகள் பெரும்பாலும் நிறுவனங்கள் தாமாக முன்வந்து அறிவித்தவையே. 2021 பிப்ரவரியில் மஹிந்திரா நிறுவனம், கேம் ஷாஃப்ட் குறைபாட்டுக்காக 1,577 டீசல் தார் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. அவை 2020 செப்டம்பர் 7 முதல் டிசம்பர் 25 வரை தயாரானவை. அதே ஆண்டு ஜூலையில், நாசிக் ஆலைக்கு வந்த கலப்பட எரிபொருளால் என்ஜின் பாகங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் எனக் கூறி 600-க்கும் குறைவான டீசல் வாகனங்களை அது ஆய்வுக்கு அழைத்தது. ஸ்கோடா குஷாக் எஸ்யூவி 2021-இல் அறிமுகமான சில மாதங்களிலேயே, எச்சரிக்கை விளக்கு எரிந்து என்ஜின் விசை குறைவதாகப் புகார்கள் எழுந்தன. எரிபொருள் பம்பே காரணம் என்று கண்டறிந்த நிறுவனம், வலுவான மாற்றுப் பம்பைப் பொருத்தித் தந்தது.

இவை மூன்றும் ஒரு தொகுதி வாகனங்களில் ஒரே பாகத்தில் கண்டறியப்பட்டவை என்பதால் தீர்வு எளிதாயிற்று. பழுதுக்கான காரணம் பயன்பாட்டோடு பின்னிக் கிடக்கும்போதுதான் சிக்கல். டீசல் எஸ்யூவிகளில் இது அதிகம்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிகளுக்குப் பிறகு, டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இடம்பெறுகிறது. அது நிரம்பியதும், கூடுதல் டீசலைச் செலுத்தி மிகுந்த வெப்பத்தில் கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். இதற்குச் சற்று நேரம் சீரான வேகத்தில் கார் ஓட வேண்டும். பெங்களூருவின் ரிச்சர்ட்ஸ் டவுனில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கும் கடைக்கும் பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் பக்கமாகச் சில கிலோமீட்டர். ஒவ்வொரு சிக்னலிலும் நிறுத்தம். எப்போதாவது ஒரு வார இறுதியில் ஓசூரைத் தாண்டி ஊருக்கு ஒரு பயணம். இவ்வாறு ஓடும் காரில் அந்தச் சுத்திகரிப்பு பாதியிலேயே நின்றுவிடும். எரியாத டீசலின் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஆயிலோடு கலக்கும். ஆயில் குறைவதற்குப் பதிலாக அளவு கூடும். கூடவே நீர்த்தும் போகும். பேரிங்கைக் காக்கும் படலம் மெலிவது அப்படித்தான்.

இந்நிலையில் என்ஜின் பழுதானால், 'நீங்கள் காரை ஓட்டிய முறையே காரணம்' என்று பணிமனை கூற இடமுண்டு. நகரக் குடும்பங்களுக்கென்றே விளம்பரம் செய்து விற்கப்படும் கார், நகரத்தில் ஓட்டியதாலேயே பழுதாகும் என்றால் அதை விற்பனையின்போதே சொல்லியிருக்க வேண்டாமா என்பது உரிமையாளர் தரப்புக் கேள்வி. இதில் நியாயம் உரிமையாளர் பக்கமே அதிகம் என்று தோன்றுகிறது. எனினும், ஆணையத்தில் இந்த வாதம் நிற்க வேண்டுமானால் அதற்குச் சான்று தேவை.

நிபுணர் அறிக்கையே திருப்புமுனை

உத்தரவாதக் காலத்தில் என்ஜின் பழுதானால் புதிய காரே கிடைக்கும் என்று பலர் நம்புகின்றனர். சட்டம் அவ்வாறு இல்லை. மாருதி உத்யோக் நிறுவனம் தொடர்பான 2006-ஆம் ஆண்டு வழக்கில், குறைபாடுள்ள பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவதே உத்தரவாதத்தின் எல்லை என்றும், அதை மீறி முழு வாகனத்தையும் மாற்றித் தர உத்தரவிட முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆனால் 2010 நவம்பரில் ஃபியட் இந்தியா தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றம் வேறொரு கதவைத் திறந்தது. காரில் உள்ளார்ந்த தயாரிப்புக் குறைபாடு இருப்பதாகச் சுயேச்சையான தொழில்நுட்ப நிபுணர் கருதினால், காரின் விலையோடு ஆயுட்கால வரியையும் 12 சதவீத வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. வரி என்ற அந்த ஒரு சொல் கர்நாடக வாசிகளுக்கு முக்கியமானது. இம்மாநிலத்தில் ரூ.20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுட்கால வரி 18 சதவீதம், அதன் மீது செஸ் தனி. ரூ.22 லட்சம் மதிப்புள்ள எஸ்யூவிக்கு வரி மட்டுமே ஏறத்தாழ ரூ.4 லட்சம். காரின் விலையை மட்டும் கோரி வழக்குத் தொடுப்பவர் அந்தத் தொகையை இழக்க நேரிடும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி, உரிய பரிசோதனையின்றிக் குறைபாட்டை முடிவு செய்ய இயலாதபோது, பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கட்டணத்தைப் புகார்தாரர் செலுத்த வேண்டும். அறிக்கை 45 நாட்களில் வர வேண்டும். என்ஜின் ஏற்கெனவே பிரிக்கப்பட்டு, தேய்ந்த பேரிங் குப்பைக்குச் சென்றிருந்தால் ஆய்வு செய்ய எதுவும் மிஞ்சாது. ஆகவே, என்ஜினைப் பிரிக்க எழுத்துமூலம் ஒப்புதல் தருவதற்கு முன்பே, கழற்றப்படும் பாகங்களைப் பாதுகாத்து வைக்குமாறு மின்னஞ்சலில் கோருவது நல்லது. ஒவ்வொரு முறை காரை விடும்போதும் ஜாப் கார்டில் புகாரை உரிமையாளரின் சொற்களிலேயே எழுதச் சொல்ல வேண்டும். 'தட்டும் ஓசை, விசைக் குறைவு' என்பது 'பொதுப் பரிசோதனை' என்று பதிவானால், ஓராண்டு கழித்து அந்த ஓசை கேட்டதற்கு ஆதாரமே இருக்காது.

அதே சட்டத்தில் பலரும் கவனிக்கத் தவறும் நுணுக்கம் ஒன்று உண்டு. தயாரிப்பாளர் பொறுப்பு என்ற புதிய அத்தியாயம் பெரிதும் வரவேற்கப்பட்டது. ஆனால் 'தீங்கு' என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில், அந்தப் பொருளுக்கே நேரும் சேதம் சேராது. குறைபாட்டால் விபத்து நேர்ந்து ஒருவர் காயமடைந்தால் அந்த அத்தியாயம் பொருந்தும். என்ஜின் மட்டும் வெடித்தால் பொருந்தாது. அத்தகைய புகாரைப் பொருளின் குறைபாடு, சேவைக் குறைபாடு என்ற பழைய வழியிலேயே தொடுக்க வேண்டும்.

எத்தனை புகார்கள் வேண்டும்?

தனி ஒருவரின் வழக்கு அவர் காரோடு முடிந்துவிடும். அனைத்து உரிமையாளர்களுக்கும் தீர்வு தருவது திரும்ப அழைப்பு. மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 2019-இன் வாயிலாக மத்திய அரசுக்கு அந்த அதிகாரம் கிடைத்தது; விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே இவை பொருந்தும். தாமாகத் திரும்ப அழைக்காமல் அரசின் உத்தரவுக்குப் பின் அழைக்கும் நிறுவனத்துக்கு, வாகனங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து ரூ.10 லட்சம் முதல் ரூ.1 கோடி வரை அபராதம் உண்டு.

கார், எஸ்யூவி வகையில் ஆண்டு விற்பனை 500 வரை இருந்தால் 20 சதவீதம் அல்லது 100 புகார்கள். 501 முதல் 10,000 வரை இருந்தால் 1,050 புகார்கள். அதற்கு மேல் 1,250 புகார்கள் என வரம்பு நிர்ணயிக்கப்பட்டுள்ளது. ஆண்டுக்கு ஒரு லட்சம் விற்பனையாகும் எஸ்யூவிக்கு 1,250 என்பது 1.25 சதவீதமே. ஆண்டுக்கு 2,000 மட்டுமே விற்கும் மாடலுக்கு 1,050 என்பது ஓர் ஆண்டு விற்பனையில் பாதிக்கும் மேல். குறைவாக விற்பனையாகும் விலை உயர்ந்த எஸ்யூவியின் உரிமையாளர்களுக்கு இந்த வரம்பு எட்டாக் கனியாகவே உள்ளது.

இதைவிட முக்கியமானது, இப்புகார்கள் எங்கே எண்ணப்படுகின்றன என்பது. பணிமனையிலோ வாடிக்கையாளர் சேவை எண்ணிலோ அளித்த புகார் இந்தக் கணக்கில் வராது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் உள்ள திரும்ப அழைப்புப் பிரிவில், வாகன உரிமையாளரே பதிவு செய்ய வேண்டும். ஒரே பழுதுக்காக ஆயிரம் பேர் பணிமனைகளுக்கு அலைந்தாலும், தளத்தில் பதிந்தவர்கள் பத்துப் பேர் என்றால் அரசின் பார்வையில் அது பத்துப் பேரின் பிரச்சினையே.

நுகர்வோர் வழக்குக்குக் கால வரம்பு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். பணிமனை 'அடுத்த வாரம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் மாதங்களும் இதில் கழிகின்றன. செலுத்திய விலை ரூ.50 லட்சத்துக்கு உட்பட்டால் மாவட்ட ஆணையத்தையே அணுகலாம். வாங்கிய ஊரில்தான் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதில்லை. சென்னையில் கார் வாங்கிப் பெங்களூருவில் குடியேறியவர் பெங்களூருவிலேயே தொடுக்கலாம். ரூ.20 லட்சம் முதல் ரூ.50 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் ரூ.1,000. அதற்கு முன்னர், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம்.

எண்டெவர் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிவதற்குள், சென்னையை அடுத்த மறைமலை நகரில் அந்தக் காரைத் தயாரித்து வந்த ஃபோர்டு நிறுவனம், 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாகவே அறிவித்திருந்தது.