மேடையும் மக்களும்: மருதானை டவர் மண்டபம் தரும் பாடம்

ஓர் ஊருக்குக் கோயில் வேண்டும், பாடசாலை வேண்டும், சந்தை வேண்டும். இவற்றோடு, ஊரவர் யாவரும் ஒருங்கு கூடியிருந்து கண்டும் கேட்டும் மகிழ்தற்குரிய அரங்கு ஒன்றும் வேண்டும். அரங்கைக் கட்டுதல் ஒருமுறை செய்து முடிக்குங் காரியம். அதனைப் பேணுதலோ தலைமுறைதோறும் செய்ய வேண்டிய கடமை. கல்லூரி விழாவெடுக்கும் இவ்வேளையில், கொழும்பின் பழைய நாடக அரங்குகளுள் ஒன்றாகிய மருதானை டவர் மண்டபத்தின் வரலாற்றை நோக்கி, அதனின்று நாம் கொள்ளத்தக்கது யாதென ஆராய்தல் பொருத்தமாகும்.

அரங்குக்கும் ஓர் இலக்கணம் உண்டென்பதைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்திருந்தனர். 7 கோல் அகலமும், 8 கோல் நீளமும், 1 கோல் உயரமும் உடையதாய் அரங்கு அமைந்தவாற்றைச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை கூறுகின்றது. கோல் என்பது 24 பெருவிரல் கொண்ட அளவு. புகுவதற்கும் போவதற்கும் இரு வாயில்கள், ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள், தூண்களின் நிழல் அரங்கில் விழாவண்ணம் நிறுத்திய விளக்குகள் என்பன அங்கே பேசப்படுகின்றன. காண்போர் கண்ணுக்கு இடையூறு நேராமையே இவ்வமைப்பின் நோக்கம் என்பது வெளிப்படை.

ஆயினும் நம் நாட்டுக் கூத்துக்கள் பெரும்பாலும் வெளியிலேயே ஆடப்பட்டன. மட்டக்களப்பு வட்டக்களரியைச் சூழ இருந்து மக்கள் விடிய விடியப் பார்த்தனர். அதற்குக் கட்டடமும் வேண்டியிருக்கவில்லை. நுழைவுச் சீட்டும் வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள் இந்நிலையை மாற்றின. தீட்டப்பட்ட காட்சித் திரைகள், பக்க மறைப்புக்கள், ஆர்மோனியம், பகட்டான உடைகள் ஆகியவற்றோடு அவர்கள் படச்சட்ட மேடையைக் கொணர்ந்தனர். காண்போர் ஒரு பக்கத்தே அமர்ந்து பார்ப்பதற்கென அமைந்தது அம்மேடை. ஆதலின் அதற்குச் சுவரும் கூரையும் கொண்ட அரங்கு இன்றியமையாததாயிற்று.

இவ்வலை இரு மொழியினரையும் ஒருங்கே தொட்டது. யாழ்ப்பாணத்தில் இசை நாடகம் வளர்ந்தது. அம்மரபிற் பின்னாளில் அரிச்சந்திரனாக நடித்து வி. வி. வைரமுத்து பெரும்புகழ் எய்தினார். சிங்களத்தில் அது ‘நூர்த்தி’ எனப் பெயர்பெற்றது. வழக்கறிஞராகிய ஜோன் டி சில்வா அத்துறையில் முன்னின்றவர். அவருடைய நாடகங்களுக்கு இசையமைக்கும் பொருட்டு 1903 ஆம் ஆண்டில் விசுவநாத் லௌஜி இந்தியாவிலிருந்து வந்தார். சிங்களம் அறியாத அவர், பாடலின் பொருளைப் பிறர் விளக்கக் கேட்டு மெட்டமைத்தார். அந்த மெட்டுக்களுட் சில இன்றுஞ் சிங்கள மக்கள் நாவில் வாழ்கின்றன. அயலார் கலையை ஏற்று அதனைத் தமதாக்கிக் கொள்ளுதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இச்சூழலில், ஜி. டி. ஹென்றிக் செனிவிரத்ன என்னும் வணிகர் மருதானையில் டவர் மண்டபத்தை எழுப்பினார். முகப்பில் உயர்ந்து நிற்குங் கோபுரமே அதன் பெயர்க் காரணம். 1911 ஆம் ஆண்டு டிசம்பர் 6 ஆந் திகதி, தேசாதிபதி சேர் ஹென்றி மக்கலம் முன்னிலையில் அது திறந்து வைக்கப்பட்டது. சாள்ஸ் டயஸ் எழுதிய ‘பண்டுகாபய’ நாடகம் அன்று மேடையேறிற்று.

தமிழ் நாடக வரலாற்றிலும் அந்த 1911 ஆம் ஆண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. பம்மல் சம்பந்த முதலியார் தமது சென்னைச் சுகுண விலாச சபையோடு கொழும்புக்கு வந்து நாடகமாடியது அவ்வாண்டிலேயாம். கற்றோரும் உத்தியோகத்தரும் மேடையேறுதல் இழிவன்று என்பதை அவ்வருகை இங்குள்ளோர்க்கு உணர்த்திற்று. அதனால் ஊக்கம் பெற்றவர்களுள் ஒருவரே கலையரசு க. சொர்ணலிங்கம் அவர்கள். 1913 இல் இலங்கைச் சுபோத விலாச சபை தோன்றியது இவ்வூக்கத்தின் பயனேயாம்.

டவர் மண்டபத்தின் பொற்காலம் நெடிது நிலைக்கவில்லை. ஊமைப் படமும், அதன்பின் பேசும் படமும் வந்தன. ஒரு நாடகத்துக்கு நடிகர், வாத்தியகாரர், திரை இழுப்போர் எனப் பலர் இரவுதோறும் உழைக்க வேண்டும். படத்துக்கோ ஒரு பொறியும் அதனை இயக்குவோனும் போதும். செலவுக் கணக்கில் நாடகம் தோற்றது. டவர் மண்டபமும் படமாளிகையாயிற்று. ஆயினும், 1947 இல் எஸ். எம். நாயகம் தயாரித்து வெளியிட்ட முதலாவது சிங்களப் பேசும் படமாகிய ‘கடவுணு பொறொந்துவ’, மினர்வா நாடகக் குழுவினர் மேடையில் நடித்த நாடகத்தின் திரை வடிவமேயாம். மேடையை வென்ற படமும் மேடையிலிருந்தே பிறந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

மண்டபம் மீண்டும் அரங்கானது 1978 இன் பின்னராகும். அவ்வாண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தால் டவர் மண்டப அரங்க மன்றம் நிறுவப்பட்டது. அப்போது பிரதமராயிருந்த ஆர். பிரேமதாச அவர்கள் இதில் ஊக்கங்காட்டினார். கட்டடத்தைச் செப்பஞ் செய்ததோடு அம்முயற்சி அமையவில்லை. முதுமையுற்ற பழைய நடிகர்களுக்கு உதவிப் பணம் வழங்குதலும், இளையோர்க்கு நாடகம் பயிற்றுதலும் மன்றத்தின் பணிகளாயின. மருதானையிலுள்ள மற்றொரு பழைய அரங்காகிய எல்பின்ஸ்டனும் அதன் பொறுப்பில் வந்தது. இன்று டவர் மண்டபத்தில் நாடகங்களோடு இசை நிகழ்ச்சிகளும் பரிசளிப்புக்களும் நடைபெறுகின்றன.

கல்லும் மரமும் பழமையாற் பெருமை பெறுவதில்லை, பயன்பாட்டாலேயே பெறுகின்றன. டவர் மண்டபத்தை மீட்டவை மூன்று என நாம் கருதுகின்றோம். பொறுப்பேற்க ஒரு நிலையான சபை அமைந்தது ஒன்று. கட்டடத்தோடு கலைஞரையும் பேணியது மற்றொன்று. நாடகத்தை முதலாகக் கொண்டு ஏனைய பொது நிகழ்ச்சிகளுக்குங் கதவைத் திறந்து வைத்தது மூன்றாவது.

இனி, நம் பக்கம் நோக்குவோம். கிருலப்பனையிலும் அதன் அயலிலும் வாழுந் தமிழர், ஒரு நிகழ்ச்சியைக் காண வேண்டுமாயின் வெள்ளவத்தைக்கோ பம்பலப்பிட்டிக்கோ செல்கின்றனர். 1942 இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபமும், பம்பலப்பிட்டிச் சரஸ்வதி மண்டபமும் நம் மக்கள் கூடுமிடங்களாய் விளங்குகின்றன. இத்தகைய மண்டபங்கள் நமக்குப் பெருஞ்செல்வம். ஆனால், பொதுவாக இக்காலத்திற் புதிதாக எழும் மண்டபங்கள் திருமணத்தை எண்ணியே கட்டப்படுகின்றன. தளம் சமதளமாதலின், பின்வரிசையில் இருப்போர் முன்னிருப்போர் தலையையே காண்கின்றனர். மணவறைக்குப் போதுமான மேடை நாடகத்துக்குப் போதாது. பக்க மறைப்பு இல்லை; ஒப்பனை அறை இல்லை; சுவரில் மோதி மீளும் ஒலி வசனத்தை விழுங்கிவிடுகின்றது.

வாடகைச் சிக்கலும் உண்டு. திருமண வீட்டார் ஒருநாளைக்குக் கொடுக்கும் பணத்தை நாடகக் குழுவினராற் கொடுத்தல் இயலாது. நாடகத்துக்கோ ஒருநாளும் போதாது. முதல்நாள் மேடையில் ஒத்திகை பார்த்து, விளக்கமைத்து, ஒலியைச் சோதித்தல் வேண்டும். ஆகவே எழுதிய நாடகங்கள் ஏட்டிலேயே கிடக்கின்றன. பாடசாலைத் தமிழ்த் தினப் போட்டியில் இருபது நிமிடம் நடித்துப் பரிசு பெற்ற மாணவன், பள்ளியை விட்டபின் மேடையே காணாது போகின்றான். நாம் கண்கூடாகக் கண்டுவருங் குறை இது. திறமை இல்லாமையால் நேர்ந்ததன்று; இடம் இல்லாமையால் நேர்ந்தது.

எனவே பழைய மாணவர் சங்கத்தினர்க்கு எமது வேண்டுகோள் இரண்டு. நினைவுச் சின்னமாக மண்டபம் எழுப்பவோ, உள்ளதனைத் திருத்தவோ முன்வரும்போது, நாடகம் அறிந்தார் ஒருவரையும் கட்டடக் கலைஞரோடு உடனிருத்துங்கள். சரிந்த தளமும், ஆழமான மேடையும், இரு பக்கத்தும் ஒதுக்கிடமும் முதலிலேயே திட்டத்திற் சேர்ந்தால் மிகைச் செலவு குறைவு. பின்னர்ச் சேர்ப்பதாயின் சுவரையே இடிக்க நேரும். அடுத்து, மாதத்தில் ஒருநாளையும் அதன் முன்னைய மாலையையும் நாடகத்துக்கும் இசைக்கும் கூத்துக்குமெனக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்குங்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் இழப்பு என்று கணக்கர் கூறலாம். பன்னிரண்டு இரவுகளிலும் ஊரவர் வந்து அமர்வாராயின், அம்மண்டபத்தைக் காத்தற்கு எக்காலத்தும் ஆள் இருப்பர். அவ்வாறு காப்போரைத் தேடிக்கொள்ளுதலே கட்டடத்துக்கு இடும் உறுதியான அத்திவாரமாகும்.