ஒரே நீரில் பல படகுகள்: துடுப்புப் படகுச் சங்கங்களின் விதிகளும் பாதுகாப்பும்

துடுப்புப் படகோட்டம் என்பது படகில் அமர்ந்து துடுப்புகளை வலித்து அதைச் செலுத்தும் விளையாட்டு ஆகும். பல கல்லூரிச் சங்கங்கள் ஒரே ஆற்றில் பயிற்சி செய்யும்போது, யார் எந்தப் பக்கம் செல்வது, யாருக்கு யார் வழிவிடுவது, எந்த நாளில் படகை நீரில் இறக்கக் கூடாது என்பவற்றை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும். அதே நீரில் மீனவர்களும் தொழில் செய்தால் இத்தேவை இன்னும் கூடுகிறது. இவ்விதிகளையும் அவற்றின் காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தனி விதிகள் எதற்கு?

முதற் காரணம், துடுப்பு வலிப்பவர் தாம் செல்லும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருக்கிறார். எண்மர் படகில் காக்ஸ் எனப்படும் சுக்கான்காரர் ஒருவர் முன்னோக்கிப் பார்த்து வழி சொல்வார். ஒருவர் மட்டும் செலுத்தும் படகில் அந்த உதவியும் இல்லை. சில வலிப்புகளுக்கு ஒருமுறை அவரே தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் நீளமும் வேகமும். எண்மர் படகு ஏறத்தாழ 17 மீட்டர் நீளமுடையது. தேர்ந்த அணி 2,000 மீட்டரை ஆறு நிமிடத்துக்குள் கடக்கும். அதாவது மணிக்கு 20 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகம். இப்படகுக்கு பிரேக் கிடையாது. துடுப்பலகைகளை நீரில் அழுத்திப் பிடித்துத்தான் நிறுத்த வேண்டும். அதற்குள் படகு நெடுந்தூரம் ஓடிவிடும்.

மூன்றாவது காரணம், கூர்மையான முன்முனை. ஆகவேதான் போட்டிப் படகுகளின் முனையில் குறைந்தது 4 செ.மீ. விட்டமுள்ள வெள்ளை ரப்பர் பந்து பொருத்தியிருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இப்பந்து, மோதலில் மனித உடலைக் குத்துக் காயத்திலிருந்து காப்பது.

வழி விதிகள்

இந்தியச் சாலையில் நாம் இடப்புறம் செல்கிறோம். நீரிலோ வலப்புறம் செல்ல வேண்டும். நம் மாணவர்கள் முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய வேறுபாடு இதுவே. கப்பல் மோதல் தடுப்புக்கான பன்னாட்டு விதிகள் 1972-இல் ஏற்கப்பட்டு, 1977-இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் சிறு படகினரும் அறிய வேண்டியவை:

1. எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கவனித்திருக்க வேண்டும் (விதி 5).
2. குறுகிய வழியில் வலக்கரையை ஒட்டிச் செல்ல வேண்டும். 20 மீட்டருக்குக் குறைவான நீளமுள்ள கலம், அவ்வழியை விட்டு விலக இயலாத பெரிய கலத்துக்கு இடையூறாக இருக்கக் கூடாது (விதி 9). எண்மர் படகும் இந்த அளவுக்குள் அடங்கும்.
3. முந்திச் செல்பவரே விலகிச் செல்ல வேண்டும் (விதி 13).
4. இயந்திரக் கலங்கள் இரண்டு நேருக்கு நேர் வந்தால், இரண்டுமே வலப்புறம் திரும்ப வேண்டும் (விதி 14). துடுப்புப் படகுச் சங்கங்களும் இதையே பின்பற்றுவது நல்லது.
5. இருளில் செல்லும் துடுப்புப் படகில் வெள்ளை ஒளி தரும் டார்ச் விளக்காவது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மோதலைத் தவிர்க்க உரிய நேரத்தில் அதைக் காட்ட வேண்டும் (விதி 25).

கையால் வலிக்கும் படகு என்பதற்காக அதற்கு இவ்விதிகளில் தனி முன்னுரிமை ஏதும் இல்லை. 'நாங்கள் சிறியவர்கள், பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்ற எண்ணம் ஆபத்தானது.

பல்கலைக்கழகங்களின் நடைமுறை

கேம்பிரிட்ஜ் நகரின் கேம் ஆறு மிகக் குறுகலானது. படகுகள் அருகருகே போட்டியிட இடமில்லை. எனவே படகுகளை வரிசையாக நிறுத்தி, பின்னால் வருவது முன்னால் செல்வதைத் தொட்டால் வெற்றி என்னும் 'பம்ப்ஸ்' போட்டி அங்கு வளர்ந்தது. ஆக்ஸ்போர்டில் ஆற்றின் நிலையை வண்ணக் கொடிகளால் அறிவிக்கிறார்கள். பச்சைக்கொடி என்றால் தடையில்லை. சிவப்புக்கொடி என்றால் எந்த அணியும் இறங்கக் கூடாது. இடைப்பட்ட நிலைகளில் புதியவர்களுக்கும் அனுபவமில்லாத சுக்கான்காரர்களுக்கும் தடை உண்டு. முடிவு ஒவ்வொரு சங்கத்தின் ஆர்வத்துக்கும் விடப்படாமல், எல்லோருக்கும் பொதுவான ஓரிடத்தில் எடுக்கப்படுவதே இம்முறையின் சிறப்பு.

இந்தியாவில் புனே பொறியியல் கல்லூரியின் படகுச் சங்கம் 1928-இல் தொடங்கியது. சென்னையில் 1867-இல் தோன்றிய மெட்ராஸ் போட் கிளப் அடையாற்றில் இயங்குகிறது. கொழும்புச் சங்கத்துடன் அது நடத்தும் போட்டி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது.

எண்ணூர்க் கழிமுகம் காட்டும் பாடம்

கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இடம் எண்ணூர். வடக்கே காமராசர் துறைமுகம் 2001 முதல் இயங்குகிறது. அனல்மின் நிலையங்களும் ஆற்றோரத்தில் உள்ளன. பக்கிங்காம் கால்வாயும் இங்கே ஆற்றைச் சந்திக்கிறது. இவற்றுக்கிடையே பைபர் படகில் வலை வீசுவோரும், ஆழமில்லாத இடத்தில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் இருளர் மக்களும் பிழைப்பு நடத்துகிறார்கள்.

இத்தகைய நீரில் ஒரு கல்லூரி அணி பயிற்சி செய்வதாகக் கொள்வோம். இடுப்பளவு நீரில் நிற்கும் மனிதர், முதுகைக் காட்டி வலிப்பவரின் கண்ணில் படமாட்டார். விரித்த வலையின் மிதவைகளும் அப்படியே. படகு ஏறி வலை கிழிந்தால் அந்த வீட்டில் அன்றைய வருமானம் போயிற்று. ஆகவே கரைக் குப்பங்களின் பெரியவர்களிடம் வலை போடும் இடத்தையும் நேரத்தையும் கேட்டறிந்து, அதற்கேற்பப் பயிற்சி நேரத்தை அமைப்பதே முதல் விதியாக இருக்க வேண்டும். நீரைப் பகிரும் முறை நம் மீனவர்களுக்குப் புதிதன்று. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்னும் முறைப்படி, மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே, துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட எரிவாயுக் கப்பல் ஒன்றும் உள்ளே வந்த எண்ணெய்க் கப்பல் ஒன்றும் மோதின. கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் ஒதுங்க, மீனவர்களும் மாணவர்களும் வாளிகளால் அள்ளினர். ராடார் கொண்ட கப்பல்களே மோதும்போது, கண்ணை மட்டும் நம்பும் படகு எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நீரின் தூய்மையும் பாதுகாப்பைச் சேர்ந்ததே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் இக்கழிமுகத்தில் கலந்தது. அத்தகைய நாட்களில் பயிற்சி கூடாது. மற்ற நாட்களிலும் திறந்த புண்ணோடு இறங்குவதைத் தவிர்க்க வேண்டும்.

இறங்கும் முன்

2022 மே 21 அன்று கொல்கத்தாவின் ரவீந்திர சரோவர் ஏரியில், பள்ளிகளுக்கிடையேயான போட்டிக்குப் பயிற்சி செய்த மாணவர் இருவர், திடீரென வீசிய கோடைப் புயலில் படகு கவிழ்ந்து இறந்தனர். அது கடலன்று, ஆறுமன்று; நகர நடுவே அமைந்த ஏரி. கீழ்க்காணும் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் இப்படிப்பட்ட இழப்புகள் உள்ளன.

• நீச்சல் தெரியாதவரைப் படகில் ஏற்றக் கூடாது. விளையாட்டு உடையுடன் நீந்திக் காட்டிய பிறகே அனுமதிக்க வேண்டும்.
• வானிலை அறிவிப்பைப் பார்க்க வேண்டும். இடி கேட்டால் உடனே கரையேறி, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும்.
• காலணிகள் படகோடு பிணைக்கப்பட்டவை. கவிழ்ந்தால் கால் உடனே விடுபடுமாறு குதிகால் கயிறுகள் உள்ளனவா எனச் சோதிக்க வேண்டும்.
• சுக்கான்காரர் மிதவை உடை அணிய வேண்டும்.
• மீட்புப் படகு, கயிறு, விசில், முதலுதவிப் பெட்டி இல்லாமல் பயிற்சியைத் தொடங்கக் கூடாது.
• யார் யார் எத்தனை மணிக்கு இறங்கினார்கள், எப்போது திரும்பினார்கள் என்பதைக் கரையில் பதிவேட்டில் எழுத வேண்டும்.

கவிழ்ந்தால்

படகை விட்டுவிட்டுக் கரையை நோக்கி நீந்தக் கூடாது. கவிழ்ந்த படகும் மிதக்கும். அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். உடனே எண்ணிக்கை சொல்லி அனைவரும் இருக்கிறார்களா எனப் பார்க்க வேண்டும். பின் ஒரு கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும்.

யார் பொறுப்பு?

உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021, 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்தது. இயந்திரமில்லாப் படகுகளும் அதன் வரம்பில் அடங்குகின்றன. ஆனால் சட்டப் புத்தகம் கரைக்கு வந்து நிற்காது. ஒவ்வொரு சங்கமும் பாதுகாப்பு அலுவலர் ஒருவரை நியமித்து, 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் உரிமையை அவருக்கு முழுமையாகத் தர வேண்டும். பயிற்சியாளரோ முதல்வரோ அதை மாற்றக் கூடாது. போட்டி நெருங்கும் நாட்களில்தான் அந்தச் சொல்லைக் கேட்பது கடினம்; அந்நாட்களில்தான் அது மிகவும் தேவைப்படும்.