புறமரத்துக்குத் தீந்தையா, சாயமா?

விழா வருகின்றதெனில் சுவருக்கும் கதவுக்கும் புதிதாகத் தீந்தை பூசுதல் எம்மவர் வழக்கம். அதனை நாம் குறை கூற வரவில்லை. எனினும், மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையிலும் வீடு வைத்திருக்கும் பழைய மாணவர் பலர், வெளிப்புற மரவேலைக்குப் பளபளக்கும் எனாமல் தீந்தையை ஆராயாது பூசிவிட்டு, இரண்டொரு மாரி கழிந்ததும் அது செதிள் செதிளாக எழும்பக் காண்கின்றனர். செதிளின் கீழே மரமும் உக்கத் தொடங்கியிருக்கும். 2009ஆம் ஆண்டிற்குப் பின் ஊர் திரும்பி, சிறுகச் சிறுகப் பணஞ் சேர்த்து வீடு கட்டினோருக்கு ஒரு யன்னல் நிலை பழுதாதல் சிறு நட்டமன்று. பாலையும் முதிரையும் நினைத்தவுடன் கிடைத்த காலம் போய்விட்டது.

வெளிப்புற மரவேலை என நாம் இங்கே குறிப்பன, கதவு யன்னல்களின் நிலைகள், கூரை விளிம்பில் அறையப்படும் வலன்ஸ் பலகை, விறாந்தைத் தூண், கிராதி முதலியன. இவற்றுக்குக் கடையிலே இருவகைப் பூச்சுக்கள் உள. ஒன்று பெயின்ற் எனப்படும் தீந்தை. மற்றது ஸ்ரெயின் எனப்படும் மரச்சாயம்.

தமிழாசிரியராதலின் சொல்லைத் தொடாமற் செல்ல எமக்கு மனம் வரவில்லை. தீந்தை என்பது போர்த்துக்கேயரின் ‘திந்தா’ என்னும் சொல்; யன்னலும் அவர்தம் ‘ஜனேலா’வே. 1560இல் மன்னாரிலே கோட்டை கட்டியவர்கள் கோட்டையோடு சொற்களையும் விட்டுச் சென்றனர். சாயமோ இம்மண்ணோடு நெடுநாள் உறவுடையது. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலும் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலே சாயவேர் கிண்டியெடுத்துத் துணிக்குச் செந்நிறம் ஏற்றினர். அவ்வேரின் நிறம் நூலினுள்ளே சென்று ஊறியது. துணியின்மேல் தோலாகப் படியவில்லை. நாம் எடுத்துக்கொண்ட இரு பூச்சுக்களுக்கும் உள்ள வேற்றுமையும் இதுவே.

தீந்தை மரத்தின்மேல் தோல் போலப் படிகின்றது. அதிலுள்ள நிறத்துகள்கள் சூரியனின் ஊதாக்கடந்த கதிர்களை மரத்தின்மீது விழாது மறைக்கும். மரநார்களைப் பிணைத்து நிற்கும் இலிக்னின் என்னும் பொருளை அக்கதிர்கள் சிதைக்கின்றன. பூச்சில்லாத பலகை நரைப்பதும் அதனாலேயாம். வெயிலைத் தடுப்பதிலே தீந்தைக்கு நிகரில்லை. ஆயின் மரம் அசையும் இயல்பினது. ஈரத்தில் அகலவாக்கில் வீங்கும்; வரட்சியிற் சுருங்கும். தீந்தைத் தோலோ நாளடைவில் இறுகி, மரத்தோடு சேர்ந்து அசையமாட்டாது வெடிக்கும். வெடிப்பினூடே புகுந்த நீர் தோலுக்குக் கீழே அகப்பட்டு எளிதில் உலராது. மரத்தை உக்கச் செய்வது அந்நீரே.

சாயத்திற்குத் தோல் இல்லை. ஆதலின் உரிவதற்கும் ஒன்றுமில்லை. புகுந்த ஈரம் வந்த வழியே வெளியேறும். காலஞ் செல்ல நிறம் மங்கும், அவ்வளவே. கழுவி உலரவிட்டு மீண்டும் பூசிவிடலாம். சுரண்டும் வேலை கிடையாது. நோர்வே நாட்டிலே 12ஆம் நூற்றாண்டில் எழுந்த போர்குண்ட் மரக்கோயிலை, பைன் மரத் தாரை மீண்டும் மீண்டும் பூசியே காத்து வருகின்றனர். மரவள்ளத்துக்கு மீனெண்ணெய் பூசிய எம் கரையோரத்தாரும் இந்நெறியை அறிந்திருந்தவர்களே. ஆனால் அடிக்கடி பூசல் வேண்டும் என்பது சாயத்தின் குறை. நன்கு பூசிய தீந்தை ஏழெட்டு ஆண்டு நிற்குமிடத்து, சாயம் இரண்டு மூன்று ஆண்டிலே மறுபூச்சுக் கேட்கும். இது பொதுக்கணக்கு, எமது வெயிலில் இரண்டும் குறையும்.

நிறமற்ற வார்ணிஷை வெளிமரத்துக்குப் பூசுவதை நாம் எவ்வகையாலும் ஏற்கோம். வெயிலை உள்ளே விடும். தோலாகி உரியவும் செய்யும்.

மன்னாரின் தொல்லை வெயில் மட்டுமன்று. வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் வீசும். அக்காற்றை நம்பியே தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நாட்டியுள்ளனர். அது மணலையும் உப்பையும் அள்ளி வந்து மரத்தில் எறியும். உப்பு மரத்தைத் தின்பதில்லை; காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்புப் படிந்த மரத்தின்மேற் பூசிய தீந்தை கொப்புளிக்கும். இரும்பாணி துருவேறி அதனைத் தள்ளும். பின்பு ஐப்பசியிலே மழை தொடங்க, சோளகம் திறந்துவிட்ட வெடிப்புக்களில் நீர் இறங்கும்.

எனவே, பாலை, முதிரை, தேக்குப் போன்ற வயிரமரத்தாற் செய்த புதிய நிலைக்கும் தூணுக்கும் சாயமே தக்கது என்போம். இவை அடர்ந்த மரங்களாதலின் சாயத்தைச் சிறிதே குடிக்கும். மெல்லிதாகப் பூசி, கால்மணி நேரத்தில் மிஞ்சியதைத் துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும். துடையாது விட்டால் அதுவும் தோலாகிவிடும். எண்ணெய்ச் சாயம் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிதலாகாது. அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும்; விரித்து வெளியிலே உலர்த்துக.

வலன்ஸ் பலகையின் செய்தி வேறு. அது பெரும்பாலும் மலிவான மரம், உயரத்திலிருப்பது. இரண்டாண்டுக்கொருமுறை ஏணி வைப்பவர் எத்தனை பேர்? அதற்குத் தீந்தையே பொருந்தும். ஆனால் அறைந்த பின் முகப்பை மட்டும் பூசும் வழக்கத்தை விடுதல் வேண்டும். அறையுமுன்னரே நாற்புறமும் அடிப்பூச்சுப் பூசி, வெட்டுமுனைகளுக்கு இருமுறை பூசுக. மரம் நீரை மிகுதியாகக் குடிப்பது வெட்டுமுனை வழியாகவே. முன்னரே தீந்தை பூசிய மரத்துக்கும், பழைய தோலை முற்றாக நீக்கினாலன்றிச் சாயம் ஊறாது, அங்கும் தீந்தைதான்.

பூசுவதற்கு ஏற்ற காலம் மாசியும் பங்குனியும். மாரி ஓய்ந்து மரம் உலர்ந்திருக்கும். சோளகத்தின் மணலும் ஈரப்பூச்சில் வந்து ஒட்டாது. முதலில் நன்னீரால் உப்பைக் கழுவுக. உவர்க்கிணற்று நீர் உதவாது. சீவிய புதுப்பலகையை வாரக்கணக்கில் வெயிலிற் போட்டு வைத்தலும் தவறு. சில வாரம் வெயிலுண்ட மரத்திலே தீந்தை நன்கு பற்றாதென்பதை அமெரிக்காவின் மடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வுகூடத்தார் சோதித்துக் கண்டுள்ளனர்.

பழைய வீடுகளிற் சுரண்டுவோருக்கு இன்னுமொன்று. இலங்கையிலே தீந்தையில் ஈயத்தின் அளவுக்குச் சட்டவரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இலேயே. அதற்கு முந்திய பூச்சுக்களில் ஈயம் மிகுந்திருக்கலாம். அதன் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உலர்ந்தபடி தேய்க்காது, நீர் தெளித்து நனைத்துச் சுரண்டுக. வேலை முடியும்வரை பிள்ளைகளை விறாந்தைக்கு விடாது, உதிர்ந்த செதிளை முற்றத்தில் பெருக்கித் தள்ளாது, விரித்த தாளில் ஏந்தி இறுகக் கட்டி அகற்றுக.