பிரிட்டனின் அணுவாயுத நியாயம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கேர் லாக் என்னும் குறுகிய கடற்கழியின் ஓரத்தில், ஃபாஸ்லேன் என்ற கடற்படைத் தளம் இருக்கிறது. டிரைடென்ட் என்னும் அணுவாயுத ஏவுகணைகளைத் தாங்கிய நான்கு நீர்மூழ்கிக் கப்பல்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. அவற்றுக்கு முந்திய தலைமுறைக் கப்பல்களின் காலமாகிய 1969 தொட்டு, ஒரு கப்பலேனும் எந்நேரமும் ஆழ்கடலில் மறைந்திருக்க வேண்டும் என்பதைப் பிரிட்டிஷ் சர்க்கார் நியதியாக அனுஷ்டித்து வருகிறது. ஒவ்வொரு கப்பலின் இரும்புப் பெட்டகத்தினுள்ளும் பிரதம மந்திரி தம் கைப்பட எழுதிய ஒரு கடிதம் இருக்கும். தாக்குதலில் நாடே நாசமாகி, ஆணையிட ஒருவரும் எஞ்சாத நிலையில் மட்டுமே கப்பலின் தலைவர் அதைப் பிரிக்கலாம். எழுதியவர் பதவி நீங்கியதும் அது எவராலும் படிக்கப்படாமலே அழிக்கப்படும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஆதரவாக, எந்தக் கட்சி ஆண்டாலும், சர்க்கார் இரண்டு நியாயங்களை எடுத்துரைப்பது வழக்கம். திருப்பித் தாக்கும் வல்லமை நம்மிடம் ஐயத்துக்கு இடமின்றி இருந்தால்தான் பகைவன் அஞ்சி அடங்குவான் என்பது முதலாவது. 2016 ஜூலை 18ஆம் தேதி, புதிய கப்பல்களைக் கட்டுவது பற்றிய பார்லிமெண்டு விவாதத்தின்போது, பிரதம மந்திரியாகப் பதவியேற்று ஐந்தே நாட்களாகியிருந்த தெரசா மே அம்மையாரை நோக்கி, நிரபராதிகளான ஒரு லட்சம் ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக்கூடிய தாக்குதலுக்கு உத்தரவிடத் தாங்கள் சித்தமா என்று ஓர் அங்கத்தினர் வினவ, அவர் தயக்கமின்றி ‘ஆம்’ என்றார். தீர்மானத்தை ஆதரித்து 472 பேரும் எதிர்த்து 117 பேரும் வாக்களித்தனர். ஒளிவுமறைவற்ற அந்த விடையை நான் மதிக்கிறேன். எனினும், ஒரு குழந்தையைக் கொல்லச் சித்தமாயிருப்பதைத் தேசப் பாதுகாப்பு என்று ஏற்க என் மனம் ஒருப்படவில்லை.

ஆயுதக் குறைப்பில் நாம் பொறுப்போடு நடந்து வருகிறோம் என்ற இரண்டாவது நியாயம் அத்தனை எளிதில் தள்ளத்தக்கதன்று. விமானத்திலிருந்து வீசும் அணுகுண்டுகளைப் பிரிட்டன் 1998இல் அறவே கைவிட்டது. அதே ஆண்டில், அங்கீகாரம் பெற்ற ஐந்து அணுவாயுத நாடுகளுள் பிரான்ஸோடு சேர்ந்து முதன்முதலாக அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தை உறுதிசெய்தது. 1994 முதல் தன் ஏவுகணைகளை எந்த நாட்டின்மீதும் குறிவைக்காமல் வைத்திருக்கிறது. மொத்தக் கையிருப்பை 180க்கு மேற்படாதபடி குறைப்போம் என்று 2010இல் வாக்களித்தது. அணுகுண்டைப் பிரித்தழிப்பதை, அதன் ரகசியம் வெளிப்படாமலே, அணுவாயுதமற்ற நாடொன்று சரிபார்க்க முடியுமா என்று நார்வேயுடன் கூடி ஆராய்ந்தது. இவை மெய்யான நற்காரியங்கள்.

ஆனால் 2021 மார்ச்சில், அந்த உச்சவரம்பை 260ஆக உயர்த்துவதாகவும், உபயோகத்துக்கு ஆயத்தமாக உள்ள குண்டுகளின் எண்ணிக்கையை இனி வெளியிடுவதில்லை என்றும் அதே சர்க்கார் அறிவித்தது. உலகப் பாதுகாப்பு நிலைமை சீர்கெட்டுவிட்டது என்பது அவர்கள் சொன்ன காரணம். 260 என்பது வரம்பேயன்றி எட்ட வேண்டிய இலக்கன்று என்பது பின்னர் அளித்த சமாதானம். எந்த ஒப்பந்தமும் கட்டாயப்படுத்தாமல், தன் விருப்பத்தால் மட்டுமே குறைத்ததைத் தன் விருப்பத்தாலேயே கூட்டிக்கொள்ள முடிந்தது என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம். தானே அளந்து, தானே சாட்சி சொல்லி, தானே மாற்றிக்கொள்ளும் கணக்கை மற்ற தேசங்கள் எந்த ஆதாரத்தின்மேல் நம்பும்?

1968இல் பிரிட்டன் கையொப்பமிட்ட அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் ஆறாம் ஷரத்து, ஆயுத ஒழிப்புக்கான பேச்சுவார்த்தைகளை நல்லெண்ணத்துடன் நடத்துமாறு பணிக்கிறது. அப்பேச்சுவார்த்தைகளை முடிவு வரை கொண்டுசெல்வதும் கடமையே என்று 1996இல் சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஏகமனதாகக் கருத்துரைத்தார்கள். இருந்தும், அணுவாயுதங்களை அறவே தடைசெய்யும் உடன்படிக்கையை 2017இல் ஐக்கிய நாடுகள் மாநாட்டில் 122 நாடுகள் ஆதரித்து நிறைவேற்றியபோது, பிரிட்டனின் பிரதிநிதி அந்த மண்டபத்தில் இல்லை.

ஆயுத ஒழிப்பில் தனக்குள்ள நற்பெயரைப் பிரிட்டன் மெய்யாகவே மதிக்குமானால், 180 என்ற பழைய வரம்பை மீட்டு, எண்ணிக்கையை மறைக்காமல் வெளியிட்டு, நார்வேயுடன் பயின்ற சரிபார்ப்பு முறையைத் தன் குண்டுகளின்மீதே பிரயோகிக்க இசைந்து, பேச்சுவார்த்தைக்கு மற்ற வல்லரசுகளைத் தானே அழைக்கட்டும்.