சாப்பிடப் பயந்த எட்டு மாதம்

சங்கக் கூட்டத்தில் என்னைப் பார்த்த பலரும், "என்ன அண்ணாச்சி, பாதியாகிவிட்டீர்கள்?" என்று விசாரித்தார்கள். தனித்தனியே பதில் சொல்வதைவிட நம் இதழில் எழுதிவிடும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். எழுதுகிறேன்.

எனக்கு 40 ஆண்டாகப் பருப்பு மொத்த வியாபாரம். விடியற்காலை 5 மணிக்கு லாரி வரும். 11 மணிக்குத்தான் இட்லி. நடுவில் டீயும் சிகரெட்டும்தான்.

2023 ஆடியில் வலி ஆரம்பித்தது. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் தொப்புளைச் சுற்றிப் பிசையும். கல்லாவில் குனிந்தபடியே உட்கார்ந்திருப்பேன். இரண்டு மணி நேரத்தில் தானே அடங்கிவிடும். வாயுதான் என்று பெருங்காய மோர் குடித்தேன். ஒரு மருத்துவர் அல்சர் என்று மாத்திரை கொடுத்தார். கேட்கவில்லை. வலிக்குப் பயந்து சாப்பாட்டையே குறைத்தேன். கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் திரும்புவேன். குடோன் தராசில் ஏறிப் பார்த்தால், 71 கிலோ இருந்தவன் 56. புற்றுநோயோ என்று வீட்டில் அழுகை.

கடைசியில் மதுரையில் ஒரு மருத்துவர், "சாப்பிட்டால் வலி, எடைக் குறைவு, சிகரெட்டும் உண்டு" என்று தானே கணக்குக் கூட்டி, சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொன்னார். குடலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு!

பெருந்தமனியிலிருந்து மூன்று குழாய்கள் வயிற்றுக்கும் குடலுக்கும் ரத்தம் கொண்டுபோகின்றன. ஊருக்கு மூன்று ரோடு மாதிரி. ஒன்று அடைத்தால் மற்றவை சமாளிக்கும். பெரும்பாலும் இரண்டு அடைத்த பிறகே வலி தெரியும். சாப்பிட்டதும் குடலுக்கு ரத்தம் அதிகம் வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் சரக்கு வேண்டுவதுபோல. அது வராததால்தான் வலி. இதயத்தில் வந்தால் மார்வலி என்கிறோம், இது வயிற்றில்.

இப்போதெல்லாம் முதலில் ஸ்டென்ட் வைக்கத்தான் பார்க்கிறார்கள். என் குழாயில் அடைப்பு நீளம். சுண்ணாம்பு படிந்து கல்லாகியிருந்தது. கம்பி நுழையவில்லை. எனவே 2024 பங்குனியில் பைபாஸ் செய்தார்கள். வயிற்றைத் திறந்து, இடுப்புப் பக்கத் தமனியிலிருந்து டேக்ரான் என்ற செயற்கைக் குழாயை எடுத்துப்போய், அடைப்புக்கு அப்பால் குடல் குழாயில் தைத்துவிட்டார்கள். சிலருக்குக் காலின் நரம்பையே எடுத்து வைப்பதுண்டாம். ஸ்டென்டைவிட இது நீண்ட நாள் தாங்கும். ஆனால் பெரிய ஆபரேஷன், ஆபத்தும் கூடுதல். உள்ளே போகும்போது மகனிடம் பற்று வரவு நோட்டு இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

செய்யாமல் விட்டால்? ஒருநாள் ரத்தம் உறைந்து முழுதும் அடைத்துவிட்டால் சில மணி நேரத்தில் குடல் அழுகிவிடுமாம். பொறுக்க முடியாத வயிற்று வலி திடீரென்று வந்தால் சோடா குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள்.

இன்னொன்று. இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் என்றார் டாக்டர். நம் வீடுகளில் "எனக்குப் பசியில்லை" என்று ஒதுங்கும் பெண்களை யார் கவனிக்கிறோம்?

ஆபரேஷனுக்குப் பின் முதல் இட்லியைச் சாப்பிட்டுவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. வலி வரவில்லை. "இன்னும் ஒன்று வைக்கட்டுமா?" என்றாள் மனைவி.

இப்போது தராசில் 63 கிலோ. ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் ஆயுளுக்கும் உண்டு. சிகரெட்டை விட்டாயிற்று. குழாய் திறந்திருக்கிறதா என்று அவ்வப்போது ஸ்கேன் பார்க்க வேண்டும். அடுத்தது தை மாதம். அன்று மண்டியை மகன் பார்த்துக்கொள்வான்.