கொத்தனாரின் சாவி

வீடு கட்டும் காலத்தில் வாசலுக்கு ஒரு தற்காலிகப் பூட்டு போடுவார்கள். சாவி கொத்தனாரிடம் ஒன்று, ஆசாரியிடம் ஒன்று, எலக்ட்ரீஷியனிடம் ஒன்று, சில சமயம் எதிர் டீக்கடையில் ஒன்று இருக்கும். யாரும் கவலைப்படுவதில்லை. சிமென்ட் மூட்டையைத் தவிர உள்ளே என்ன இருக்கிறது? பால் காய்ச்சுவதற்கு முன்னால் பூட்டை மாற்றிவிட்டால் ஆயிற்று. மாற்ற மறந்துவிட்டால்?

2024 அக்டோபரில் அப்படி ஒரு மறதி வெளியே வந்தது. 'குபர்னெட்டிஸ் இமேஜ் பில்டர்' என்ற திறமூல மென்பொருள், மேகக்கணினிகளுக்கான சர்வர்களை வார்த்துக் கொடுப்பது. வார்க்கும் வேலைக்காக அது உள்ளே ஒரு பயனர் கணக்கை உண்டாக்கும். கணக்கின் பெயரே 'பில்டர்'. கடவுச்சொல்லும் நிரலோடு சேர்ந்து எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. வேலை முடிந்ததும் கணக்கை மூடிவிடவேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மேடைக்காகக் கட்டப்பட்ட இமேஜ்களில் அது மூடப்படவில்லை. விவரம் தெரிந்த எவரும் அந்தச் சர்வர்களுக்குள் புகுந்து முழு அதிகாரத்தையும் கையில் எடுத்துக்கொள்ளலாம். சிவிஇ-2024-9486 என்று எண்ணிடப்பட்ட இந்தக் குறைக்கு, ஆபத்தின் அளவுகோலில் பத்துக்கு 9.8 கிடைத்தது.

இந்த மென்பொருளை எந்த நிறுவனமும் கடையில் விற்கவில்லை. அதன் நிரலை யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். குறையைக் கண்டுபிடித்துச் சொன்னதும் வெளியிலிருந்த ஒருவர்தான். எனவே கொத்தனாரின் சாவிக்கதையைச் சொல்லும்போது, இந்தக் கட்டுமான இடத்துக்குள் நீங்களும் நானும் எப்படி நுழைவது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது.

இமேஜ் என்றதும் புகைப்படத்தை நினைக்கவேண்டாம். ஒரு கணினியில் லினக்ஸை நிறுவி, வேண்டிய மென்பொருள்களை ஏற்றி, எல்லாம் சரியாக ஓடுகிறது என்றானபின் அதன் வட்டில் இருப்பதை முழுவதுமாக ஒரே கோப்பில் பெயர்த்து எடுத்தால் அதுதான் இமேஜ். 2006 ஆகஸ்டில் அமேசான் தன் வாடகைக் கணினிச் சேவையான இசி2-ஐத் தொடங்கியபோது, இந்தக் கோப்பு ஒரு வணிகப் பொருளாகவே ஆகிவிட்டது. 'இந்த இமேஜில் பத்து சர்வர் வேண்டும்' என்று கேட்டால் சில நிமிடங்களில் பத்தும் எழுந்து நிற்கும். ஆயிரம் கேட்டாலும் அதே கதைதான்.

செங்கல் அறுக்கும் அச்சில் சூளைக்காரர் தன் பெயரெழுத்தைத் தலைகீழாகச் செதுக்கிவிட்டால், அந்தச் சூளையின் ஒவ்வொரு கல்லிலும் எழுத்து தலைகீழாகத்தான் இருக்கும். இமேஜில் விழும் தவறும் இந்த வகை.

குபர்னெட்டிஸ் உலகில் இந்த அச்சுகள் அடிக்கடி தேவைப்படுகின்றன. கூகுள் 2014 ஜூனில் திறமூலமாக வெளியிட்ட குபர்னெட்டிஸ், ஏராளமான நிரல்களைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டு ஓட்டும் மேலாளர். பெயர் கிரேக்கம், சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். நம் பழஞ்சொல்லில் மீகாமன். ஆண்டுக்கு மூன்று பதிப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் சுமார் 14 மாதம் பராமரிப்பு உண்டு. உபுண்டு, ராக்கி, ஃபிளாட்கார் என்று லினக்ஸ் வகைகள் பல. அமேசான், அஷூர், விஎம்வேர், ப்ராக்ஸ்மாக்ஸ் என்று மேடைகளும் பல. எல்லாவற்றையும் பெருக்கிப் பாருங்கள். கையால் கட்டி முடியாது. அதற்காகத்தான் இமேஜ் பில்டர்.

அது வேலை செய்வதைப் பார்ப்பது ஒரு தனி வேடிக்கை. சொந்தக் கணினியிலேயே இமேஜ் கட்டும்போது, திரையில் காலியான மெய்நிகர் கணினி ஒன்று விழிக்கும். லினக்ஸ் நிறுவியின் முதல் பக்கம் வரும். யாரும் தொடாமலே எழுத்துகள் வரிசையாக விழத் தொடங்கும், கண்ணுக்குத் தெரியாத ஒருவர் விசைப்பலகை முன் உட்கார்ந்திருப்பதுபோல. அது பேக்கர் என்ற கருவியின் வேலை. மிட்செல் ஹாஷிமோட்டோ 2013-இல் வெளியிட்டது. நிறுவி கேட்கப்போகும் கேள்விகளுக்கான விடைத்தாள் எங்கே இருக்கிறது என்பதை அது தட்டச்சு செய்து சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நிறுவுதல் முடிந்ததும் பில்டர் கணக்கின் வழியே ஆன்சிபிள் என்ற தானியங்கிக் கருவி உள்ளே போய்க் குபர்னெட்டிஸுக்கு வேண்டியதையெல்லாம் ஏற்றும். பிறகு காஸ் என்ற சோதனைக் கருவி, இன்ன கோப்பு இருக்கிறதா, இன்ன சேவை ஓடுகிறதா என்று பட்டியலை வைத்துச் சரிபார்க்கும்.

இடையில் ஒரு முரண். பேக்கரை வைத்திருக்கும் ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் அதன் உரிமத்தை மாற்றிவிட்டது. திறமூலம் என்ற சொல்லின் கறாரான பொருளில் பேக்கரின் புதிய பதிப்புகள் திறமூலம் ஆகா. திறமூல வீட்டின் அஸ்திவாரக் கல் ஒன்று நடுவழியில் கைமாறிப்போனது என்று எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு.

ஆன்சிபிள் எல்லாவற்றையும் ஏற்றி முடித்ததும் வருவது 'சிஸ்பிரெப்'. என் கணக்கில் இந்த மென்பொருளின் ஆகச் சுவாரசியமான பகுதி இதுதான். இங்கே எதுவும் சேர்க்கப்படுவதில்லை, துடைப்பது மட்டுமே வேலை.

எதைத் துடைக்கவேண்டும்? ஒவ்வொரு லினக்ஸ் கணினியும் தன்னை வெளியுலகுக்கு நிரூபிக்க ஒரு எஸ்எஸ்ஹெச் சாவியை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். இமேஜ் கட்டும்போது உண்டான சாவி உள்ளேயே தங்கிவிட்டால், அதிலிருந்து பிறக்கும் எல்லாச் சர்வர்களுக்கும் ஒரே சாவி. ஒன்றைக் கைப்பற்றியவர் மற்றவற்றின் வேஷத்தைப் போடலாம். ஆகவே சாவிகளை அழித்துவிட்டு, ஒவ்வொரு பிரதியும் முதன்முதலாக விழிக்கும்போது தனக்கான சாவியைத் தானே செய்துகொள்ளும்படி விடவேண்டும்.

அடுத்தது மெஷின்-ஐடி, 32 இலக்கம் கொண்ட அடையாள எண். கணினிக்கு ஆதார் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல லினக்ஸ் வகைகள் வலையமைப்பில் முகவரி கேட்கும்போது இந்த எண்ணிலிருந்து பிறந்த அடையாளத்தைத்தான் நீட்டுகின்றன. எண்ணைக் காலி செய்யாமல் பிரதியெடுத்தால், இரண்டு சர்வர்கள் ஒரே அடையாளத்தோடு போய் நிற்கும். முகவரி தருபவர் இருவருக்கும் ஒரே முகவரியைக் கொடுப்பார். சர்வர்கள் வருவதும் மறைவதுமாக இருக்கும். காரணம் புரியாமல் கேபிளை மாற்றி, சுவிட்சை மாற்றி, கடைசியில் இந்த ஒரு வரிக் கோப்பில் வந்து நின்றவர்கள் ஏராளம். ஒரு முழுச் சனிக்கிழமையை இதற்குக் கொடுத்தவர்களில் நானும் உண்டு.

பதிவேடுகள், கட்டியவர் தட்டிய கட்டளைகளின் வரலாறு, தற்காலிகக் கோப்புகள் எல்லாம் போகவேண்டும். அழித்தாலே போய்விடுமா என்றால், அதுவும் இல்லை. கோப்பை அழிக்கும்போது பெரும்பாலும் பொருளடக்கத்தில் ஒரு வரிதான் அடிக்கப்படுகிறது. பக்கம் அப்படியே வட்டில் கிடக்கும். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், அமேசான் மேகத்தில் பொதுவில் வைக்கப்பட்டிருந்த 5,000-க்கும் மேற்பட்ட இமேஜ்களை ஆராய்ந்தார்கள். கட்டியவர்கள் விட்டுப்போன நுழைவுச் சாவிகள் கிடைத்தன. அழித்துவிட்டோம் என்று அவர்கள் நம்பிய கோப்புகளும் மீண்டு வந்தன. அதனால்தான் இமேஜ் கட்டுபவர்கள் காலியிடம் முழுவதும் பூஜ்யத்தை எழுதி நிரப்புவதுண்டு. கோப்பு நன்றாகச் சுருங்கும் என்பது கூடுதல் லாபம்.

இனி பில்டர் கணக்குக்கு வருவோம். அமேசான் போன்ற மேகங்களில் ஏற்கெனவே தயாரான இமேஜ் ஒன்றை எடுத்து, ஒருமுறைக்கு மட்டுமான சாவியோடு உள்ளே போய் வேலை செய்யலாம். வெறும் வட்டிலிருந்து தொடங்கும்போது அந்த வசதி இல்லை. உள்ளே நுழைய ஏதாவது ஒரு பெயரும் கடவுச்சொல்லும் முன்கூட்டியே விடைத்தாளில் எழுதியாகவேண்டும். நியூட்டனிக்ஸ், ஓவிஏ, கியூஇஎம்யூ என்ற இமேஜ் வகைகளில் வேலை முடிந்ததும் கணக்கு மூடப்பட்டுவிடும். கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் யாராவது நுழைந்தால்தான் ஆபத்து. அதற்குத் தனியாக ஒரு சிவிஇ எண்ணும் 6.3 மதிப்பெண்ணும் தந்தார்கள். ப்ராக்ஸ்மாக்ஸில் மட்டும் மூடும் படி விடுபட்டுப்போயிருந்தது.

திருத்தம் 0.1.38 பதிப்பில் வந்தது. இப்போது ஒவ்வொரு முறை கட்டும்போதும் புதிதாக ஒரு கடவுச்சொல் தாறுமாறாக உருவாக்கப்படுகிறது. முடிந்ததும் கணக்கு மூடப்படுகிறது. மென்பொருளைத் திருத்தியதோடு விஷயம் முடியவில்லை. பழைய அச்சில் வார்த்த சர்வர்கள் ஊரெங்கும் ஓடிக்கொண்டிருந்தனவே! புதிய இமேஜைக் கட்டி, அவற்றை ஒவ்வொன்றாக மாற்றவேண்டும். அதுவரை பில்டர் கணக்கைப் பூட்டும் ஒரு வரிக் கட்டளையைக் கைமருந்தாகச் சொன்னார்கள்.

இந்தத் திட்டத்தில் சேர யார் அனுமதி தரவேண்டும்? யாரும் இல்லை. பெரிய நிரலாளராக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. நிரல் கிடங்கைத் திறந்தால் அதில் பெரும்பகுதி யாமல், ஜேசன், ஷெல் வரிகள்தான். ஒரு நடுத்தர சர்வர் நிர்வாகி தினமும் கையாள்கிற சமாச்சாரம். புதியவர்களுக்கு ஏற்றவை என்று அடையாளமிட்ட சிறு வேலைகளும் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் தொடங்குவதைவிட, ஆவணத்தை வைத்துக்கொண்டு ஓர் இமேஜைத் தானே கட்டிப் பார்ப்பதுதான் நல்ல தொடக்கம் என்பேன். ஏதாவது ஓரிடத்தில் ஆவணம் சொல்வதும் திரையில் நடப்பதும் ஒத்துப்போகாது. பழகியவர்கள் அந்த இடத்தை யோசிக்காமல் தாண்டிப் போயிருப்பார்கள். புதியவரின் கால்தான் இடறும். அந்த இரண்டு வரியைத் திருத்தி அனுப்புவதே முதல் பங்களிப்பு.

ஓயாத வேலை இன்னொன்று, உலகம் நகர்வதோடு நகர்வது. 2024 ஜூன் 30-உடன் சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுள் முடிந்தது. அதை நம்பியிருந்த கட்டுமான நிரல்கள் மறுநாளிலிருந்தே திணறின. மென்பொருள்களை இறக்கும் முகவரி எழுதியிருந்த இடத்தில் இல்லை. ஒரு வரியையும் யாரும் தொடவில்லை, ஆனாலும் வீடு இடிந்தது. எல்லா மேகத்திலும் கணக்கு வைத்து, எல்லா லினக்ஸையும் சோதிக்க ஒரு மனிதரால் ஆகாது. உங்கள் அலுவலக மூலையில் ஒரு ப்ராக்ஸ்மாக்ஸ் பெட்டி ஓடுகிறது என்றால், 'இன்ன பதிப்பில் கட்டினேன், ஓடியது' என்ற உங்கள் ஒரு குறிப்பே பராமரிப்பாளர்களுக்குப் பெரிய உதவி.

திருத்தத்தை அனுப்பியதும் முதலில் பேசுவது மனிதரல்ல, ப்ரோ என்ற ரோபோ. பெயருக்குக் கப்பலின் முன்முனை என்று அர்த்தம்; நம் கடலோரத்தில் அணியம் என்பார்கள். பங்களிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டீர்களா என்று அது முதலில் பார்க்கும். இல்லையென்றால் எதுவும் நகராது. பிறகு, உங்கள் திருத்தத்தைச் சோதிக்கலாம் என்று ஓர் உறுப்பினர் சொல்லும்வரை காத்திருக்க வைக்கும். சோதனைக்கான கணினிகள் திட்டத்தின் செலவில் ஓடுகின்றன. முன்பின் தெரியாதவர் அனுப்பும் நிரலை அப்படியே ஓடவிட்டால், பிறர் காசில் கிரிப்டோ நாணயம் தோண்ட ஆள் இருக்கிறது. சோதனை தேறியபின் ஒருவர் 'எல்ஜிடிஎம்' என்று எழுதவேண்டும், பார்வைக்கு நன்றாயிருக்கிறது என்பதன் சுருக்கம். அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் 'அப்ரூவ்' என்று எழுதவேண்டும். இரண்டும் கிடைத்தால்தான் நிரல் உள்ளே போகும். இந்த ரோபோவிடம் 'மியாவ்' என்று கட்டளையிட்டால் ஒரு பூனைப் படம் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேறு பயன் ஒன்றும் இல்லை.

பதில் வராமல் 90 நாள் போனால், 'பழசாகிவிட்டது' என்று ரோபோ முத்திரை குத்தும். இன்னும் 30 நாளில் 'அழுகிவிட்டது' என்று சொல்லும், இரக்கமே இல்லாமல். அடுத்த 30 நாளில் மூடிவிடும். மனம் புண்படத் தேவையில்லை. பராமரிப்பவர்களில் பலர் வேறு வேலைகளுக்கு நடுவே இதைப் பார்ப்பவர்கள். பணிவாக ஒரு வரி எழுதி நினைவூட்டினால் போதும்.

இந்தப் படிக்கட்டுகளை அலுவலகக் கெடுபிடி என்று நினைப்பவர்களுக்கு 2024 மார்ச்சில் நடந்ததைச் சொல்லவேண்டும். லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளில், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காகப் பங்களித்து நம்பிக்கையைச் சம்பாதித்த ஒரு புனைபெயர்க்காரர் திருட்டு வாசல் ஒன்றைச் செருகிவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராயுண்ட் என்ற பொறியாளர், சர்வருக்குள் நுழைவது வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறதே என்று குடைந்ததால்தான் அது அகப்பட்டது. குபர்னெட்டிஸ் திட்டத்தில் உறுப்பினராகவே இரண்டு பேர் பரிந்துரைக்கவேண்டும். பிறகுதான் மதிப்பாய்வாளர், அதன்பின் ஒப்புதல் தருபவர். ஒவ்வொரு படிக்கும் மாதங்கள் ஆகும்.

சேர விரும்புபவர்களுக்கு இந்த வார இறுதிக்கு ஒரு வேலை தருகிறேன். மெய்நிகராக்கம் இயங்கும் ஒரு லினக்ஸ் கணினியும், உபுண்டு நிறுவியை இறக்குவதற்குச் சில ஜிபி இணையமும் இருந்தால் போதும். கியூஇஎம்யூ வகையில் ஓர் இமேஜைக் கட்டுங்கள். அதிலிருந்து இரண்டு சர்வர்களை எழுப்பி, இரண்டின் மெஷின்-ஐடியையும் ஒப்பிடுங்கள். வேறாக இருக்கவேண்டும். எஸ்எஸ்ஹெச் சாவிகளின் கைரேகையை ஒப்பிடுங்கள். அதுவும் வேறாக இருக்கவேண்டும். மூன்றாவதாக, பில்டர் என்ற பெயரில் உள்ளே போய்ப் பாருங்கள்.

கதவு திறந்தால், ஊரறிய எங்கும் எழுதிவிடாதீர்கள். குபர்னெட்டிஸ் பாதுகாப்புக் குழுவுக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. அங்கே எழுதுங்கள்.