ஒரு பக்கம் தேயும் டயர்

அந்தமானில், டெலானிபூரின் சரிவான தெரு ஒன்றில், தென்னை நிழலில் நிறுத்தியிருந்த டிராக்டர் டிரெயிலர் ஒன்றை அண்மையில் நாம் கண்டோம். இரண்டு சக்கரங்கள், ஓர் அச்சு, அதன்மேல் 3,000 லிட்டர் கொள்ளும் நீர்த்தொட்டி. கோடையில் குழாய்நீர் குறையும்போது வீடுகளுக்கு நீர் கொண்டுசெல்வதும், மற்றக் காலங்களில் தொட்டியை இறக்கிவிட்டு ஜல்லி ஏற்றுவதும் அந்த வண்டியின் வேலை. அதன் வலப்பக்க டயர் ஓரளவு நன்றாகவே இருந்தது. இடப்பக்க டயரோ வெளிப்புறத்தில் பள்ளங்கள் தெளிவாகத் தெரியப் புதியது போலவும், உட்புறத்தில் நூலிழை வெளியே தெரியுமளவு மொட்டையாகவும் காட்சியளித்தது. ஒரே ஆண்டில் அவ்விடத்தில் மாட்டிய மூன்றாவது டயர் அது என்று உரிமையாளர் கூறினார். முதல் டயருக்குச் சாலையைக் குறை கூறினாராம். இரண்டாவதற்கு டயர் விற்றவரை. மூன்றாவதற்குக் குறை கூற ஆள் அகப்படவில்லை.

தீவில் வாழ்வோர்க்கு இது சிறு செய்தியன்று. சென்னையிலோ கொல்கத்தாவிலோ இருந்து கடல் கடந்து வந்து சேரவேண்டிய பொருள் டயர். கப்பல் தாமதித்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் அதனை நம்பிய வீடுகளில் குடம் காலி. 2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயரிலிருந்து வடக்கே திக்லிபூர் செல்லும் பெருஞ்சாலையை எண்ணிப் பார்த்தால் நிலைமை இன்னும் கடுமையானது. ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதியூடே ஜிர்காடாங்கிலிருந்து நடு நீரிணை வரை வண்டிகள் வரிசையாகக் காவலுடன் செல்கின்றன. இடையில் நிறுத்தத் தடை உண்டு. அங்கே ஒரு டயர் வெடித்தால் துன்பம் அவ்வண்டிக்கு மட்டுமன்று.

ஆதலின், டயர் ஏன் ஒருபுறம் தேய்கிறது, அதனைப் பட்டறைக்குச் செல்லாமலே எவ்வாறு கண்டறியலாம் என்பதை இங்கே பார்ப்போம். டிராக்டரின் பின்னால் செல்லும் டிரெயிலருக்கும், படகை ஏற்றிச்செல்லும் டிரெயிலருக்கும், மேனாடுகளில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவோர் காரின் பின்னே இழுத்துச் செல்லும் வீட்டு டிரெயிலருக்கும் இலக்கணம் ஒன்றே.

நம் மாட்டு வண்டியில் இத்தொல்லை இல்லை. மரச்சக்கரம் அச்சில் தளர்வாகச் சுழன்றது. இரும்புப் பட்டை சற்றுச் சாய்ந்து உருண்டாலும் பொருட்படுத்தவில்லை. கடையாணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டினால் போதும். காற்றடைத்த ரப்பர் அத்தகைய பொறுமை உடையதன்று. தான் உருள விரும்பும் திசையும் வண்டி செல்லும் திசையும் ஒன்றாக இராவிட்டால், அது தரையில் உராய்ந்து தன்னையே தேய்த்துக்கொள்ளும். காரிலும் லாரியிலும் இக்கோணல் ஓட்டுபவர் கையிலுள்ள வளையத்தில் தெரிந்துவிடும். டிரெயிலரிலோ அச்செய்தி அவர் கைக்கு வருவதே இல்லை. அவருக்குப் பின்னால், அவர் காணாத இடத்தில் டயர் கரைந்துகொண்டிருக்கும்.

தேய்ந்த டயரே முதற் சாட்சி. அதனைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது மாட்டுவோர் சாட்சியை விரட்டிவிடுகின்றனர். இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி உயர்ந்திருந்தால் காற்றுக் குறைவு, அல்லது பாரம் மிகுதி. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. ஒரே ஓரம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் செங்குத்தாக நில்லாமல் சாய்ந்திருக்கிறது என்று ஐயுறலாம். டயரின் குறுக்கே உள்ளங்கையை ஒருமுறை உள்ளிருந்து வெளியேயும், மறுமுறை வெளியிலிருந்து உள்ளேயும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கிச் சென்று மறு திசையில் ரம்பப்பல் போல் உறுத்தினால், சக்கரம் சாய்வதோடு நில்லாமல், நேர்த்திசையிலிருந்து உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியுமிருக்கிறது என்பது பொருள். ஆங்காங்கே திட்டுத் திட்டாகக் குழிந்திருந்தால் பேரிங்கின் தளர்ச்சியையோ சக்கரத்தின் எடைச் சமமின்மையையோ தேடவேண்டும்.

இவற்றுள் பெரும் பகைவன் திரும்பிய சக்கரமே. ஒரு கணக்கைப் பார்ப்போம். சக்கரம் நேர்த்திசையிலிருந்து அரைப் பாகை திரும்பியிருப்பதாகக் கொள்வோம். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. எனினும் வண்டி ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் அந்த டயர் 8 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது. திக்லிபூர் வரை 300 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. அங்குச் சென்று சேர்வதற்குள் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் தொலைவு, பாரத்தோடு, தார்ச்சாலையின் மேல் ரப்பரைக் குறுக்கே இழுத்ததாக ஆகும். மூன்று டயர் போனதில் வியப்பென்ன?

அளவுநாடாவை எடுக்குமுன் செய்யவேண்டியவை சில உண்டு. பெரும்பாலோர் இதனைத் தவிர்த்துவிட்டு நேரே அச்சின்மேல் பழி போடுகின்றனர். டயர்கள் இரண்டும் ஒரே அளவினவா, ஒரே காற்றழுத்தம் உடையனவா என்று பார்க்கவேண்டும். ஓடி வந்த சூட்டில் அன்று, டயர் குளிர்ந்திருக்கும்போது. அடுத்து பாரம். நீரின் எடை யாவரும் அறிந்ததே, லிட்டருக்கு 1 கிலோ. 3,000 லிட்டர் என்றால் 3 டன். தொட்டியின் எடை தனி. முழுத் தொட்டியைவிடப் பாதித் தொட்டி சில வேளை மிகுந்த தீங்கு செய்யும். வளைவில் திரும்பும்போது நீர் முழுவதும் வெளிப்புறச் சக்கரத்தின் பக்கமாகச் சாய்கிறது. மலைச்சரிவும் வளைவும் நிறைந்த ஊரில் இது நாள்தோறும் நடப்பது. போதாக்குறைக்கு, இடப்பக்கமாகச் செல்லும் நம் நாட்டு வழக்கத்தால் சாலையோரத்துக் குழிகளில் முதலில் விழுவது இடச்சக்கரமே.

பிறகு டிரெயிலரைச் சமதரையில் டிராக்டரோடு மாட்டி நிறுத்தி, ஒரு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, மற்றதை ஜாக்கியால் உயர்த்தவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் புகுதல் ஆகாது. உறுதியான தாங்கி ஒன்றும் அச்சின்கீழ் நிற்கவேண்டும். சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து அசைத்துப் பாருங்கள். ‘கடக்’ என்று ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. அதனைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு அளப்பது வீண். கடலோரத்தில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. படகு இறக்குவோர், ஓடி வந்த சூட்டோடு டிரெயிலரை நீரில் இறக்குகின்றனர். சூடான சக்கரக் குடம் சட்டென்று குளிர்கையில், உள்ளிருக்கும் காற்று சுருங்கி உப்புநீரை உள்ளே உறிஞ்சுகிறது. கிரீஸ் பால்போல் வெளுத்துக் காணப்பட்டால் நீர் புகுந்துவிட்டது என்று அறிக.

சக்கரம் உயர்ந்திருக்கும்போதே மற்றொரு வேலையையும் முடித்துக்கொள்ளலாம். சக்கரத்தைச் சுழற்றி, டயரின் நடுவில் ஓர் ஆணி முனையை அசையாமல் பிடித்தால் மெல்லிய கோடு ஒன்று சுற்றிலும் விழும். டயர் சற்று நெளிந்திருந்தாலும் இக்கோடு பொய் சொல்லாது. இரு சக்கரங்களிலும் கோடிட்டபின் வண்டியைத் தரையில் இறக்கி, வழக்கமான பாரத்தோடு சில மீட்டர் முன்னோக்கி இழுத்து நிறுத்தவேண்டும்; உயர்த்தி இறக்கிய இடத்திலேயே அளந்தால் டயர்கள் இயல்பான நிலைக்கு வந்திரா. இப்போது அச்சின் உயரத்தில், டயர்களின் முன்பக்கத்தில் கோட்டுக்குக் கோடு எவ்வளவு தொலைவு, பின்பக்கத்தில் எவ்வளவு என்று அளந்தால், இரண்டும் ஒன்றாகவோ மிக நெருக்கமாகவோ இருத்தல் வேண்டும். 80 சென்டிமீட்டர் உயரமுள்ள டயர்களில் இவ்விரண்டுக்கும் 14 மில்லிமீட்டர் வேறுபாடு இருக்குமாயின், முன்னர்க் கூறிய அரைப் பாகை ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கிறது, அல்லது முழுப் பாகையும் ஒரே சக்கரத்தில் இருக்கிறது. எச்சக்கரம் என்பதை, வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாகக் கயிறு கட்டி, அதிலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் அளந்து பிரித்தறியலாம்.

சாய்வை அறியக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். தரை மட்டமாக இருக்கிறதா என்பதை ரசமட்டத்தால் முதலில் பார்த்துக்கொள்க. பின் குண்டுநூலைச் சக்கரத்தின் முன்னே தொங்கவிட்டு, நூலிலிருந்து இரும்பு விளிம்பின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் அளக்கவேண்டும். டெலானிபூர் வண்டியில், 16 அங்குல விளிம்புள்ள இடச்சக்கரத்தின் மேல்முனை கீழ்முனையைவிட 11 மில்லிமீட்டர் உள்ளே சாய்ந்திருந்தது. ஒன்றரைப் பாகைக்குச் சற்று மிகுதி. வலச்சக்கரத்தில் 2 மில்லிமீட்டரே.

உரிமையாளர் உடனே அச்சு வளைந்துவிட்டது என்று முடிவு கட்டினார். நாம் தடுத்தோம். சக்கர விளிம்பே நெளிந்திருந்தாலும் இதே அளவு கிடைக்கும் அல்லவா? வண்டியைச் சக்கரத்தின் அரைச்சுற்று அளவு உருட்டி மீண்டும் அளந்தோம். சாய்வு மறுபுறம் மாறியிருந்தால் குற்றம் விளிம்புடையது. மாறவில்லை, அதே 11 மில்லிமீட்டர். குற்றம் அச்சினுடையதே. பல பட்டறைகளில் விட்டுவிடும் சோதனை இது. இரண்டு நிமிட வேலை, ஓர் அச்சின் விலையை மிச்சப்படுத்தக் கூடியது.

அச்சு ஏன் இவ்வாறு வளைகிறது? பாரம் அச்சின்மேல் வந்திறங்குவது பட்டாக்கள் வழியே. பட்டாக்களோ சக்கரங்களுக்கு உட்புறமாக இருக்கின்றன. நடுப்பகுதி கீழே அழுத்தப்பட, முனைகளைத் தரை மேலே தள்ளுகிறது. அச்சு நடுவில் தாழ்ந்து, சக்கரங்களின் தலைகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன. இதனை முன்னறிந்தே சில தொழிற்சாலைகள் அச்சின் நடுவைச் சற்று மேல்நோக்கி வளைத்துச் செய்கின்றன. பாரம் ஏறியதும் அது நேராகும். அத்தகைய அச்சை அறியாமல் தலைகீழாக மாட்டியவர்களும் உண்டு.

அச்சே வளையாமல் இடம்பெயர்ந்திருத்தலும் நிகழ்வதே. பட்டாக்களை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் உப்புக்காற்றில் துருவேறித் தளர்கின்றன. பட்டாவின் நடு போல்ட் முறிந்துவிடுகிறது. அச்சின் ஒருமுனை பின்னே நழுவுகிறது. இதனை அறிய, டிராக்டரில் மாட்டும் கொக்கியின் நடுவிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் நாடா பிடித்து அளந்தால் போதும். முக்கோணத்தின் இரு கரங்களும் சமமாக இருக்கவேண்டும். நெடுஞ்சாலை லாரி டிரெயிலர்களுக்கே இதில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு ஆகாது என்பது வழக்கிலுள்ள வரம்பு. இங்கே பலர் தடுமாறும் ஓரிடம் உண்டு. ஒற்றை அச்சு வண்டியில் அச்சு முழுவதும் கோணிக்கொண்டால் டயர் அவ்வளவாகத் தேயாது. சக்கரங்கள் இரண்டும் ஒரே பக்கம் திரும்புவதால், வண்டியே நண்டுபோல் சற்றுச் சாய்வாக நடக்கும். ஈரத்தரையில் டிராக்டரின் தடத்தையும் டிரெயிலரின் தடத்தையும் ஒப்பிட்டால் அது தெரியும். ஆனால் இரண்டு அச்சுகள் அடுத்தடுத்து உள்ள வண்டிகளில் அவை ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிடின், ஒன்று ஒருபக்கமும் மற்றது வேறுபக்கமும் இழுக்கும். அப்போது நான்கு டயரும் தேயும். ஆகவேதான் அங்கே அச்சுக்கு அச்சு உள்ள தொலைவை இருபுறமும் அளக்கிறார்கள். அதில் வரம்பு இன்னும் குறுகியது, ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். மேனாட்டு வீட்டு டிரெயிலர்களிற் பல இவ்வகையின. அவற்றில் கொக்கி தாழ்ந்து வண்டி மூக்குக் குத்தி நின்றால், முன் அச்சு தன் பங்குக்கு மேல் சுமந்து அதன் டயர்கள் முந்தித் தேய்வதும் காணலாம். குறுகிய வளைவில் திரும்பும்போது இரட்டை அச்சு டயர்கள் பக்கவாட்டில் அரைபடுவது அவ்வமைப்பின் இயல்பு. அதனை நோயென்று கொள்ளவேண்டியதில்லை.

டெலானிபூர் அச்சுக்கு என்ன செய்வது? தீயில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்தித் தருவதாக ஒருவர் முன்வந்தார். அது நமக்கு உடன்பாடன்று. காய்ச்சிய இடத்தில் எஃகின் உறுதி குன்றும். 3 டன் நீரின் கீழ் அது மீண்டும் வளையலாம், முறியவும் கூடும். இறக்கத்தில் முறிந்தால் எதிரே வருவோர் கதி என்ன? தக்க கருவி கொண்டு, காய்ச்சாமல், குளிர்ந்த நிலையிலேயே அழுத்தி நேராக்கும் பட்டறைகள் பெருநகரங்களில் உண்டு. இவரோ புதிய அச்சே வருவித்தார். அது கப்பலில் வந்து சேரும்வரை, தொட்டியில் 2,000 லிட்டருக்கு மேல் நிரப்பவில்லை. அதுவும் அலையாதிருக்கத் தொட்டிக்குள் தடுப்புத் தகடு ஒன்றை வைத்தார். வருவாயில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று என்று வருந்தினாலும், தெருவில் எவ்வீட்டையும் அவர் விட்டுவிடவில்லை; நடைகளைக் கூட்டிக்கொண்டார்.

புதிய அச்சை மாட்டியபின், யூ போல்ட்டுகளை வெறும் வண்டியில் ஒருமுறையும், பாரத்தோடு ஓடிவந்த மறுநாள் ஒருமுறையும் முறுக்கவேண்டும் என்று கூறினோம். அவ்வாறே செய்து, இரு சக்கரங்களின் அளவையும் தொட்டியின் பக்கத்தில் வெள்ளை வண்ணத்தால் எழுதிவைத்தார். இடம் 2, வலம் 2. ஒரு மாதத்துக்குப் பின் நாம் அவ்வழியே சென்றபோது அதன்கீழ் இன்னொரு வரி சேர்ந்திருந்தது: இடம் 3, வலம் 2.